அளந்த சைபர்

யாராவது ஆயிரம் என்று சொல்லிவிட்டால் போதும், நங்கை செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிடுவார். கையில் அகப்பை இருந்தால் அகப்பையோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

"ஏனுங்க, அந்த மூணு சைபரும் அளந்த சைபருங்களா, சும்மா வெச்ச சைபருங்களா?"

கேட்கப்பட்டவருக்குப் பாதி நேரம் கேள்வியே புரியாது. ஆயிரம் தேங்காய் ஏற்றி வந்திருக்கிறேன் என்று சொன்ன வண்டிக்காரர் ஒருவர், தன்னைத் திருடன் என்று சொல்வதாக நினைத்துக் கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். நங்கை அவர் பின்னாலேயே களம் வரைக்கும் ஓடி, ஆயிரத்தையும் ஒவ்வொன்றாக எண்ணினாரா, இல்லை குத்துமதிப்பாக ஒன்று போட்டுப் பின்னால் சைபர்களை வைத்துக்கொண்டாரா என்றுதான் கேட்டதாக விளக்கினார். அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு வண்டிக்காரருக்குக் கோபம் இன்னும் கூடிற்று.

எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. நான் செய்ததைச் சொல்லப்போகும் இந்த இடத்துக்கு அந்தப் பெயரையும் இழுத்துவர எனக்கு மனமில்லை.

எங்கள் ஊர் வடகரப்பதிக்குக் கிழக்கே, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா தொடங்கிவிடும் இடத்தில் இருந்தது. நங்கை பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கோயமுத்தூரில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தவரைப் பரீட்சைக்கு முன்பே கூட்டிவந்து எங்கள் அண்ணனுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். நான் பி.ஏ. கணக்கு முடித்துப் பக்கத்து ஊர் ஹைஸ்கூலில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அந்த வீட்டில் அவர் பேசுவது புரிகிற ஒரே ஆள் நான்தான்.

பெரிய எண்களை அவர் எல்லோரும் எழுதுவதுபோல எழுதமாட்டார். மூன்று கோடி என்றால் முதலில் ஒரு மூன்று போடுவார். பிறகு பெருக்கல் குறி. பிறகு பத்து. அந்தப் பத்தின் தலைமேல் சின்னதாக ஓர் ஏழு. 3 × 10⁷. வாயால் சொல்லும்போது, "மூணு, பத்துக்கு மேல ஏழு" என்பார். அடுப்படியில் கருங்கல் பாவிய தரை. விரலைத் தண்ணீரில் தொட்டு அதில்தான் எழுதுவார். மாமியார் வந்து பார்ப்பதற்குள் எழுத்து காய்ந்துபோயிருக்கும்.

எனக்கும் அந்த முறை தெரியும். காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தாளில் இடத்தை மிச்சம்பிடிக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். நங்கைக்கு அது அப்படி அல்ல. ஒருநாள் பருப்புக் கடைந்துகொண்டே சொன்னார்: "பாருங்க தம்பி, நமக்குத் தெரிஞ்சது மின்னால நிக்குது. எவ்வளவு பெருசுங்கறது மேல நிக்குது. தெரியாததுக்கு அங்க எடமே இல்லீங்க. எவ்வளவு சுத்தமா இருக்குது பாருங்க." கோலம் போட்டு முடித்த பெண் நிமிர்ந்து பார்ப்பதுபோல, காய்ந்துகொண்டிருந்த அந்த ஈர எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த முதல் ஆண்டிலேயே ராகியை எண்ணினார். எங்கள் வீட்டில் ஆளுயர ராகித் தொம்பை ஒன்று இருந்தது. மூங்கிலில் முடைந்து சாணம் மெழுகியது. இதில் எத்தனை ராகி இருக்கும் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களிடம் திடீரென்று கேட்டார். வானத்து நட்சத்திரத்தை எண்ணச் சொல்கிறாயா என்று அண்ணன் சிரித்தார். நங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ண முடியாது என்று சொல்வது அவருக்குச் சோம்பேறித்தனம்.

குழந்தைகளுக்குப் பால் புகட்டும் சங்கை எடுத்தார். அதில் ராகியைத் தலைதட்டி அள்ளி, முறத்தில் கொட்டி, மத்தியானம் முழுவதும் பத்துப் பத்தாக ஒதுக்கினார். மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. சொச்சத்தை முறத்தின் ஓரமாகத் தள்ளிவிட்டார். "மூணு, பத்துக்கு மேல மூணு. சொச்சம் எதுக்குங்க, அடுத்த சங்குல வேற சொச்சம் வரும்." ஒரு படிக்கு எத்தனை சங்கு, தொம்பைக்கு எத்தனை படி என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் முகம் சிவந்து, முந்தானை சரிந்தது தெரியாமல், தரையில் எழுதினார்: 1 × 10⁸.

பத்துக் கோடி. அந்த எண் எங்கள் வீட்டு மூலையில் சாணம் பூசிக்கொண்டு நின்றது என்பதை நம்ப எனக்கே சற்று நேரமாயிற்று.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். தானியத்தை எண்ணினால் மூதேவி வந்து குந்திக்கொள்வாள் என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் களத்தில் நெல் அளக்கும்போதுகூட முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் எண்ணிக்கை போகும். ஒன்று என்று சொல்லித் தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடும் என்பது நம்பிக்கை. நங்கை ஒரு கணம் யோசித்தார். பிறகு தரையில் இருந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, மிகப் பணிவாக, "லாபம், பத்துக்கு மேல எட்டுங்க அத்தை" என்று படித்தார்.

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "இவளுக்கு வாயிலதான் மூதேவி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அம்மாவே, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால், தொம்பையில் எத்தனை ராகி இருக்கிறது என்று கேளுங்கடி என்று நங்கையைத் தூண்டிவிடுவார். நூறு வெற்றிலை அடுக்கிய கவுளியைப் பலகைக்கு அடியில் அழுத்தி அளந்து, ஒரு வெற்றிலையின் கனம் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு, பத்துக்கு மேல் கழித்தல் இரண்டு என்று நங்கை கண்டுபிடித்தபோது, அம்மா அந்த ஒற்றை வெற்றிலையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார்.

பேச்சையும் அவர் அப்படித்தான் அளந்தார். பாலக்காட்டில் தேர்த் திருவிழா பார்த்துவிட்டு வந்த அண்ணன், லட்சம் ஜனம் என்று கையை விரித்தார். நங்கை சோறு போட்டுக்கொண்டே, லட்சமென்றால் பத்துக்கு மேல் அஞ்சு, அந்தத் தெருவில் அஞ்சு நிற்காது, நாலுதான் நிற்கும் என்றார். தெருவின் நீளமென்ன, அகலமென்ன, ஆளுக்கு எவ்வளவு இடம் என்று அண்ணனிடமே கேட்டு, அவர் வாயாலேயே நாலை வரவழைத்தார். அண்ணனுக்குத் தேர் பார்த்த சந்தோஷமே போய்விட்டது. "கட்டிக்கிட்டு வந்தனா, தராசத் தூக்கிக்கிட்டு வந்தனா" என்றார். நங்கைக்கு அதுவும் பாராட்டாகத்தான் பட்டது.

சந்தையில் கயிறு வாங்கிய நாளை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. அந்தக் கடை ஒரு ராவுத்தருடையது. கயிறு, சணல், கிணற்று வாளி எல்லாம் விற்பார். நல்ல குறும்புக்காரர். கிணற்றுக் கயிறு பெரிய சுருளாகக் கிடந்தது. ஆயிரம் அடி என்றார். நான் நங்கையைத் தடுப்பதற்குள் கேள்வி போய்விட்டது. மூன்று சைபரும் அளந்ததா, வைத்ததா?

ராவுத்தர் கோபிக்கவில்லை. கயிற்றை ஒருமுறை பார்த்தார். நங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டே, "ஒண்ணு அளந்ததுங்க தாயி. மத்த ரெண்டும் நம்பிக்கைங்க" என்றார்.

நங்கை கைகொட்டிச் சிரித்தார். சந்தையில் அப்படிச் சிரிக்கிற மருமகளை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை. இப்படி ஒரு கடைக்காரரை இதுவரை பார்த்ததில்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டில் கயிற்றை விரித்துப் பார்த்தோம். தொள்ளாயிரத்துச் சொச்சம் இருந்தது. நங்கைக்கு வருத்தமே இல்லை. சொன்ன மனிதர் சரியாகத்தான் சொன்னார் என்றார்.

இந்த இடத்தில் என்னைப்பற்றியும் சொல்லவேண்டும். எனக்கு நீளமான எண்கள் பிடிக்கும். ஐந்து இலக்கத்தை ஐந்து இலக்கத்தால் மனக்கணக்காகப் பெருக்குவேன். ஊரில் கல்யாணம் காதுகுத்து என்றால் யாராவது ஒரு பெருக்கல் கேட்பார்கள். நான் கண்ணை மூடி, கோடியிலிருந்து ஒன்றுவரைக்கும் ஓர் இலக்கம் விடாமல் சொல்வேன். கூட்டம் வாயைப் பிளக்கும். கடைசி இலக்கத்தைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடும். சொச்சத்தை முறத்தின் ஓரமாகத் தள்ளும் நங்கையைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரம்தான். இன்டர்மீடியட்டை முடிக்காதவர்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

மாநிலங்கள் பிரித்த மறு ஆண்டு. எங்கள் தாலுகா புதிய மாநிலத்தோடு சேர்ந்திருந்தது. வழக்கமாக மார்கழிக் கடைசியில் ஒரு ஓவர்சியர் வந்து ஏரியைப் பார்த்து, இரண்டாம் போகத்துக்கு எத்தனை ஏக்கர் நெல் நடலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஆண்டு யாரும் வரவில்லை. எந்த ஆபீசில் போய்க் கேட்பது என்றும் யாருக்கும் தெளிவில்லை. ஏரியில் தண்ணீர் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அதை நம்பி முப்பத்தைந்து ஏக்கருக்கும் நெல் நடுவதா, பாதிக்குக் கம்பு விதைப்பதா என்று ஊர் தவித்தது. நெல் நட்டுவிட்டுத் தண்ணீர் போதாமல் போனால் கையில் வைக்கோல்தான் மிஞ்சும். ஊர்ப் பெரியவர், பி.ஏ. கணக்குப் படித்த பையன் நம் ஊரிலேயே இருக்கும்போது ஓவர்சியர் எதற்கு என்று சொல்லி, வேலையை என்னிடம் விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் நங்கை துள்ளினார் என்றுதான் சொல்லவேண்டும். இதுவரை ராகியும் வெற்றிலையும். இப்போது ஓர் ஏரி.

ஆண்கள் சாப்பிட்டுத் தூங்கும் மத்தியான நேரத்தில் போய் அளந்தோம். கரையின் நீளத்தை ராவுத்தர் கடைக் கயிற்றால் அளந்தோம். குறுக்களவுக்கு நங்கை ஓரமாக அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். வேலமுள் புதர் குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு போனார். நான் வாழைத்தண்டுத் தெப்பத்தில் போய், மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தேன். நடுவில் ஆள் முழுகும். ஓரத்தில் கணுக்கால். நான் கரையை நோக்கி ஆழத்தைக் கத்திச் சொல்ல, நங்கை கரையில் நின்று மறுபடி கத்தினார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்துக்குக் கொக்குகள் எழும்பிப் பறந்தன.

வீட்டுக்கு வந்து தரையில் எழுதினார். நீளம் ஒன்று புள்ளி இரண்டு, பத்துக்கு மேல் மூன்று. அகலமும் அதேதான். ஆழம் நாலோ அஞ்சோ. பெருக்கினால் ஆறு, பத்துக்கு மேல் ஆறு. அறுபது லட்சம் கன அடி. பிறகு தேவையைப் போட்டார். முப்பத்தைந்து ஏக்கர், நெல்லுக்கு ஏக்கருக்கு நாலடித் தண்ணீர். அதுவும் ஆறு, பத்துக்கு மேல் ஆறு.

இரண்டு ஆறுகளும் அருகருகே காய்ந்துகொண்டிருந்தன. நங்கை நெடுநேரம் அவற்றையே பார்த்தார்.

"ஆறு வேணும், ஆறு இருக்குதுங்க. இருக்கறது அஞ்சாவும் இருக்கலாம், ஏழாவும் இருக்கலாம். போதுமுன்னும் சொல்ல முடியாது, போதாதுன்னும் சொல்ல முடியாது. அதனால பாதிக்கு நெல்லு, பாதிக்குக் கம்புன்னு சொல்லுங்க. இதுக்கு மேல ஒரு வார்த்தையும் சொல்லீராதீங்க தம்பி."

சரி என்றேன்.

ஏரிக்கரை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பெண்கள் அங்கே வருவதில்லை. நான் எழுந்து நின்றேன். அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன. அந்தக் கணத்தில் ஆறு என்ற ஒற்றை எண் எனக்குப் பிச்சைக்காசு மாதிரி தோன்றிவிட்டது. அஞ்சாகவும் இருக்கலாம் ஏழாகவும் இருக்கலாம் என்று சொல்லவா பி.ஏ. படித்தேன்? கண்ணை மூடிக்கொண்டேன். கயிற்றில் வந்தது ஆயிரத்து நூற்றெண்பது அடி. நங்கை நடந்தது ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. ஆழம் நாலரை. மனதுக்குள் பெருக்கினேன்.

ஏரியில் அறுபத்து நான்கு லட்சத்து முப்பத்தையாயிரத்து எழுநூற்று இருபது கன அடி தண்ணீர் இருக்கிறது என்றேன். நெல்லுக்கு வேண்டியது அறுபது லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து நானூறு. எல்லா வயலுக்கும் பாய்ந்தது போக மூன்று லட்சத்து முப்பத்தேழாயிரத்து முந்நூற்று இருபது கன அடி மிச்சம்.

அந்த இருபதைக் கேட்டதும் கூட்டம் மலர்ந்துவிட்டது. மூன்று லட்சம் மிச்சம் என்று மட்டும் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். இருபது கன அடி வரைக்கும் பிசகாமல் சொல்கிறானே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் என் தோளைத் தட்டினார். கடைமடையில் இரண்டு ஏக்கரை வாரக் குத்தகைக்கு உழுத நாச்சிமுத்து மட்டும் முன்னால் வந்தார். அவர் நிலத்துக்குத்தான் தண்ணீர் கடைசியாக வரும். கம்பு விதைக்கக் கொல்லையைக் கீறி வைத்திருப்பதாகவும், அதை விட்டுவிட்டு நெல்லே நடலாமா என்றும் கேட்டார். நடலாம் என்றேன். கொஞ்சம் தயங்கி மறுபடியும் கேட்டார். மூன்று லட்சம் மிச்சம் இருக்கும்போது என்ன பயம் என்று சிரித்தேன். கணக்கு யார் போட்டது என்று யாரோ கேட்டதற்கு, நான்தான் என்றேன்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. நங்கை திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அந்த இருவது எங்கிருந்துங்க வந்துச்சு?"

பெருக்கலைச் சொன்னேன். ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டார்.

"முள்ளைச் சுத்தி நூறடிக்கு மேல வளைஞ்சு நடந்தனுங்களே. அதுல எங்கீங்க பன்னெண்டு? ஆயிரத்து இருநூறே சந்தேகமுங்க. இப்பவே போயிச் சொல்லிப்போட்டு வாங்க. நாத்துப் புடுங்கறதுக்குள்ள சொல்லீரோணும்."

காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் போகவும் செய்தேன். வரப்பில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் நின்று, என்னை இருபது கன அடி வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். ஒருவர் தன் நாற்றங்காலைக் காட்டினார். நான் ஏரிக்கரைவரை நடந்துவிட்டுத் திரும்பினேன். சொல்லிவிட்டீர்களா என்று நங்கை கேட்டார். சொல்லிவிட்டேன், அவர்கள்தான் கேட்கவில்லை என்றேன்.

பங்குனியில் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் இருந்தது. வெயில் குடித்தது எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு என்று நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஊர் முழுவதும் மதகடியில் கூடி ஒருவரையொருவர் வைதுகொண்டிருந்தது. கைகலப்பு வரும் என்று தோன்றியது.

அப்போது நங்கை கரைமேல் வந்தார். தலையில் முந்தானை, கையில் எங்கள் மூங்கில். அத்தனை ஆண்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு மருமகள் வந்ததில் கூச்சல் தானாக அடங்கிற்று. அவர் தண்ணீருக்குள் இறங்கினார். நாலைந்து இடங்களில் மூங்கிலை விட்டுப் பார்த்தார். கரையேறி, படபடவென்று பேசினார். நான் அவரை அத்தனை வேகத்தோடு பார்த்ததில்லை.

"எட்டு, பத்துக்கு மேல அஞ்சு இருக்குதுங்க. வெயில் குடிக்கறது போகப் பத்தேக்கரா பொழைக்கும். எல்லாருக்கும் பங்கு வெச்சா ஒண்ணுமே பொழைக்காது. முந்தி நட்ட வயலாப் பாத்துப் பத்தேக்கராவுக்கு மட்டும் உடுங்க. வெளையற நெல்ல எல்லாரும் பங்கு வெச்சுக்கலாம். எங்க வயல் பிந்தி நட்டதுங்க. அதைக் காய உட்டுருங்க."

அண்ணன் முகம் கறுத்தது. ஆனால் நாச்சிமுத்துவின் முகத்தில் உயிர் வந்தது. கடைமடை என்ற பயத்தில் நாற்றை விலைக்கு வாங்கி அவர்தான் எல்லோருக்கும் முந்தி நட்டிருந்தார். நாலைந்து பேர் தலையசைத்தார்கள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

பெரியவர்தான் கேட்டார். "மூணு லட்சம் மிச்சமின்னு சொன்ன ஊட்டுக் கணக்குத்தான அம்மிணி இதுவும்?"

"நான் சொன்னது ஆறுங்க" என்றார் நங்கை. "ஆறுக்குப் பின்னால நான் ஒண்ணுமே சொல்லலீங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அடுத்து நான் பேசுவேன் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது யார் போட்ட கணக்குடா என்று அண்ணன் கேட்டார்.

"நங்கை போட்டதுதான்" என்றேன்.

ஆறு அவர் போட்டதுதானே, இது பொய்யில்லையே என்று அந்த நொடியிலேயே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நங்கை மூங்கிலை என்னிடம் கொடுத்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கிப் போனார். அந்தப் பத்து ஏக்கர்க் கணக்கைப் பிறகு யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீரைச் சமமாகப் பங்கு வைத்தார்கள். முப்பத்தைந்து ஏக்கரும் பதராகப் போயிற்று.

வைகாசியில் நாச்சிமுத்து குடும்பத்தோடு வண்டிப்பெரியாருக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கிளம்பினார். கங்காணி ஒருவர் ஆள் சேர்க்க வந்திருந்தார். புறப்படுமுன் எங்கள் வாசலுக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டார். "நீங்க மனசச் சங்கடப்படுத்திக்காதீங்க வாத்தியாரே. அது அம்மிணி போட்ட கணக்குன்னு ஊருக்கே தெரியுமுங்க" என்றார். நங்கை கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். ஒரு மூட்டை ராகியைக் கொண்டுவந்து நாச்சிமுத்து மனைவியின் தலையில் ஏற்றிவிட்டார். பீர்மேட்டுப் பக்கம் வருடத்துக்கு இரண்டு, பத்துக்கு மேல் இரண்டு அங்குலம் மழையாம், அங்கே தண்ணீருக்குக் கவலையே இருக்காது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவள் ஒன்றும் புரியாமல் சரிங்க என்றாள்.

அந்த ஆண்டு சந்தைக்குப் போனால், மிச்சமான மூன்று லட்சத்தை எங்கே வைத்திருக்கிறாய் அம்மிணி என்று நங்கையைக் கேட்பார்கள். முதலில் ஓரிரு முறை அது தன் எண் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். வீட்டில் என்னோடு பேசுவது மட்டும் மாறவே இல்லை. புற்றில் இருக்கும் எறும்புக்குப் பத்துக்கு மேல் எத்தனை நிற்கும் என்று அதே சந்தோஷத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

மறு ஆண்டு நல்ல மழை. ஏரி, மிகைநீர் வழியும் கலிங்குவரை நிரம்பிற்று. பெரியவரும் இன்னும் சிலரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். இந்த முறை நானே கணக்குப் போடவேண்டும், பெண்கள் கையில் கொடுக்கக்கூடாது என்றார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருந்தது. நங்கை மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஏழு" என்றேன். "ஆறாவும் இருக்கலாம், எட்டாவும் இருக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க. முக்காலுக்கு நெல்லு, காலுக்குக் கம்பு."

பெரியவர் தலையை ஆட்டினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு எவ்வளவு படித்திருக்கவேண்டும் பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்தப் பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. தெரிந்ததை மட்டும் சொல்கிற வாத்தியார். நான் ஓய்வுபெற்ற நாளில் மேடையில் அதைத்தான் சொன்னார்கள். என் பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் தங்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அன்று அவர்கள் போன பிறகு நங்கை டம்ளர்களை எடுக்க வந்தார். முகம் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. "இப்பத்தாங்க தம்பி சரியாச் சொன்னீங்க" என்றார். அதில் ஒரு குத்தல் இருக்கும் என்று தேடினேன். இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு எண் ஊருக்குள் சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது, அந்த மகிழ்ச்சி மட்டும்தான் இருந்தது.

நங்கை காலமாகிவிட்டார். அண்ணனும் இல்லை, பெரியவரும் இல்லை. சாயங்காலங்களில் நான் ஏரிக்கரைக்கு நடந்து போவதுண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களில் யாராவது நம்பமுடியாத அளவுக்கு அளந்துவிட்டால், "அம்மிணி கணக்குப் போடாதடா" என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள்.